ஆராதனை நடத்துகிறவரின் உள்ளம் வறண்டுபோனால்: நிறுத்துவதா, தொடர்வதா?

மாலைத் துதி எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பல வருடங்களாகச் சபையில் ஆராதனை நடத்திவருகிறேன். கொஞ்ச காலமாக உள்ளே ஒன்றுமே இல்லை. பாடல்களைத் தெரிந்தெடுக்கிறேன், பிராக்டிஸ் வைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மைக் முன்னால் நிற்கிறேன். ஜனங்கள் கண்ணை மூடி, கையை உயர்த்தி அழுகிறார்கள். எனக்கோ அடுத்து எந்தச் சரணம், டிரம்ஸ் வாசிக்கிற தம்பி டெம்போவை ஏற்றிக்கொண்டே போகிறானே, பிரசங்கத்துக்கு நேரமாகிவிட்டதா என்பதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெபத்தையும் வேதவாசிப்பையும் நான் விட்டுவிடவில்லை. ஆனால் முன்பு பாடும்போது தொண்டை அடைத்துக்கொண்ட வரிகள் இப்போது வெறும் வரிகளாக இருக்கின்றன.

முடிந்ததும் யாராவது வந்து, "சிஸ்டர், இன்னைக்கு தேவப் பிரசன்னம் ரொம்பப் பலமா இருந்துச்சு" என்பார்கள். அதைக் கேட்கும்போதுதான் அதிகமாக வலிக்கிறது. எனக்கே இல்லாத ஒன்றை இருப்பதுபோல் காட்டுகிறேனா? இதற்குப் பெயர் மாய்மாலமா? உள்ளம் சரியாகிற வரைக்கும் ஒதுங்கி இருப்பதுதான் நேர்மையா?

இந்த வழியில் நடந்துவந்த ஊழியர்கள் எழுதுங்கள். கீழே நின்று எங்களோடு பாடுகிற விசுவாசிகளும் எழுதுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து இது எப்படித் தெரிகிறது என்று யாரும் எங்களிடம் சொல்வதில்லை.

வாசற்காவலன் எழுதியது:

சகோதரி, கடினமாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் பதில், கொஞ்ச காலம் நிறுத்துங்கள் என்பதே. ஆமோஸ் 5:23இல் பாடல்களின் இரைச்சலைத் தம்மைவிட்டு அகற்றும்படி கர்த்தர் சொல்கிறார். உதடு கிட்டவும் இருதயம் தூரத்திலும் இருப்பதை ஏசாயா 29:13 கண்டிக்கிறது. அதையே இயேசுவும் எடுத்துச் சொன்னார் (மத்தேயு 15). பாடப்படுகிற சத்தியத்தைவிடக் குரலின் இனிமை தன்னை அதிகமாக அசைத்தபோது அதைப் பாவமென்று எண்ணி வருந்தியதாக ஆதித் திருச்சபைப் பிதாக்களில் ஒருவரான அகஸ்டின் எழுதியிருக்கிறார். நல்ல குரலும் நல்ல பேண்டும் இருந்தால் கூட்டத்தை அழவைப்பது பெரிய காரியமல்ல. அதனால்தான் மேடையைப் பற்றி எனக்குப் பயம் உண்டு. உங்களைக் குற்றப்படுத்த எழுதவில்லை, உங்கள் ஆத்துமாவை நினைத்தே எழுதுகிறேன்.

வேதப்பிரியன் எழுதியது:

வாசற்காவலன் பிரதரின் பயம் நியாயமானது. ஆனால் அவர் காட்டிய வசனங்கள் இந்தச் சகோதரியின் நிலைக்குப் பொருந்தவில்லை. ஆமோஸ் 5ஆம் அதிகாரத்தை மேலிருந்து வாசித்துப் பாருங்கள். தரித்திரனை மிதித்து, பரிதானம் வாங்கி, வழக்கு தீர்க்கிற ஊர்வாசலில் ஏழைகளின் நியாயத்தைப் புரட்டிவிட்டு, அதே கையால் வாத்தியம் வாசித்தவர்களைப் பார்த்துத்தான் கர்த்தர் அப்படிச் சொன்னார். 24ஆம் வசனத்தில் அவர் கேட்பது நியாயத்தையும் நீதியையும். ஏசாயா காலத்து ஜனங்களுக்கோ தங்கள் இருதயம் தூரமாய்ப் போனது ஒரு பொருட்டாகவே இல்லை. இங்கே எழுதியிருக்கிற சகோதரி அந்தத் தூரத்தை நினைத்து அழுகிறார். மாய்மாலக்காரன் அதற்காக அழமாட்டான், அதை மறைக்கத்தான் பாடுபடுவான்.

அகஸ்டினைச் சொன்னீர்களே, அதே பகுதியில்தான், விசுவாசத்துக்கு வந்த புதிதில் சபையின் பாடல்களைக் கேட்டுத் தான் விட்ட கண்ணீரையும் அவர் நினைவுகூர்கிறார். சபையில் பாடும் வழக்கம் நல்லதுதான் என்ற பக்கமே கடைசியில் சாய்கிறார்.

இப்போது ஆசாபுக்கு வருவோம். தாவீது நியமித்த பாடகர் தலைவர்களில் ஒருவன். 50ஆம் சங்கீதமும் 73 முதல் 83 வரையுள்ளவையும் சேர்த்து 12 சங்கீதங்கள் அவன் பெயரில் இருக்கின்றன. 73இல் அவன் நிலையைப் பாருங்கள். கால்கள் தள்ளாடுகின்றன, இருதயத்தைச் சுத்தம்பண்ணியது விருதா என்று தோன்றுகிறது, துன்மார்க்கனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறான். ஆலயத்தில் பாட்டு நடத்துகிறவனின் உள்ளம் இப்படி இருந்திருக்கிறது! நான் பல முறை நின்று யோசித்த இடம் 15ஆம் வசனம். மனதில் இருந்ததை அப்படியே பேசியிருந்தால் தேவனுடைய பிள்ளைகளின் சந்ததிக்குத் துரோகம் செய்தவனாவேன் என்கிறான். அதனால் சபைமுன் கொட்டாமல் அடக்கிக்கொள்கிறான். 17இல் பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரவேசிக்கிறான், அங்கேதான் வெளிச்சம் கிடைக்கிறது. மனதைச் சரிப்படுத்திவிட்டு உள்ளே போகலாம் என்று அவன் வெளியே காத்திருக்கவில்லை.

அடுத்து 88ஆம் சங்கீதம். சங்கீதப் புத்தகத்திலேயே மிக இருண்ட பாட்டு இதுதான். இருளைச் சொல்லியே முடிகிறது, கடைசியில்கூட ஒரு துதி வரி கிடையாது. தலைப்பில் ஏமான் பெயர் இருக்கிறது. தாவீதின் பாடகனாகிய ஏமானும் இவனும் ஒருவன்தானா என்பதில் வேத அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை, ஆகவே அதை வைத்து நான் வாதாடமாட்டேன். ஆனால் அது பாடலை நடத்துகிற இராகத்தலைவனிடம் ஒப்புவிக்கப்பட்ட பாட்டு. 55 சங்கீதங்களின் தலைப்பில் அந்த இராகத்தலைவன் வருகிறான். அப்படியென்றால் இந்த இருளும் சபையில் பாடுவதற்கென்றே கொடுக்கப்பட்டது.

சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். சகோதரி, உங்கள் ஞாயிறு பாடல் பட்டியலில் அப்படி எத்தனை இருக்கின்றன? எல்லாம் வெற்றிப் பாட்டாகவே இருந்தால், சோர்ந்திருக்கிற யாருக்கும் அது பொய் சொல்வதுபோல்தான் இருக்கும். உங்கள் இருதயத்தைச் சந்தேகிக்கும்முன் அந்தப் பட்டியலைக் கொஞ்சம் பாருங்கள். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்ற கேள்வியில் தொடங்கிப் பாட்டில் முடிகிறது. அதை வாசித்துவிட்டு ஒரு மெதுவான பாட்டை எடுங்கள். அந்த நேரத்தில் உங்கள் வாயும் மனதும் ஒரே இடத்தில் இருக்கும்.

ஆண்டவரைப் பற்றியும் ஒன்று. மத்தேயு 26:30இல் சீஷர்களோடு ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போகிறார். பஸ்கா இரவில் யூதர் பாடிவந்தது 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்கள். எட்டு வசனம் தள்ளி, தமது ஆத்துமா மரணத்துக்கு ஏதுவான துக்கங்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். அந்தத் துக்கத்தின் விளிம்பில் நின்றுதான் அவர் பாடியிருக்கிறார்.

கடைசி வரிசை எழுதியது:

கீழே இருக்கிறவர்களையும் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். என் கணவரை அடக்கம்பண்ணின பிறகு வந்த முதல் ஞாயிறு சபைக்குப் போனேன். வாயைத் திறந்தால் அழுகை வரும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆராதனை நடத்தின தம்பி ஒரு பாட்டின் பல்லவியில் வாத்தியங்களை எல்லாம் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினான். வெறும் குரல்கள் மட்டும். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியவர் சுதி சேராமல், உரக்க, ஒவ்வொரு வார்த்தையாகப் பாடினார். அன்றைக்கு என்னால் ஒரு வரிகூடப் பாட முடியவில்லை. அந்தப் பெரியவர் குரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தத் தம்பி அன்று உள்ளே எப்படி இருந்தான் என்று எனக்குத் தெரியாது. நிறைந்திருந்தானோ, வறண்டிருந்தானோ. எனக்குக் கிடைத்தது அவனுடைய உணர்ச்சி அல்லவே சிஸ்டர், அந்த வார்த்தைகளும் அந்த அமைதியும்தான். நீங்கள் உணர்ந்தால்தான் எங்களுக்கு வரும் என்று ஒரு பாரத்தை நீங்களாகவே தூக்கிக்கொண்டு நிற்கிறீர்களோ என்று தோன்றுகிறது. அதைக் கீழே வையுங்கள்.

விசுவாசிகளுக்கும் ஒரு வார்த்தை. "சூப்பர் பிரதர்", "கலக்கிட்டீங்க சிஸ்டர்" என்று சொல்லாதீர்கள். எந்தப் பாட்டு, எந்த வரி, அந்த வாரம் உங்கள் வீட்டில் என்ன நடந்தது, அந்த வரி எப்படி உதவியது என்று சொல்லுங்கள். புகழ்ச்சி அவர்களை மேடையோடு கட்டிப்போடும். சாட்சி அவர்களை ஆண்டவரிடம் அனுப்பும்.

மிக்சர் மேசை எழுதியது:

நான் சவுண்ட் பார்க்கிறவன், வேதத்தில் பெரிய ஆழம் கிடையாது. சிஸ்டர் ஒன்று கேட்கிறேன். வாரத்துக்கு எத்தனை கூட்டத்தில் பாடுறீங்க? தூக்கம் எப்படி? மானிட்டரில், அதாவது பாடுகிறவங்களுக்காக மேடையில் வைக்கிற ஸ்பீக்கரில், உங்க குரல் உங்களுக்குக் கேட்குதா?

ஏன் கேட்கிறேன்னா, ஆவிக்குரிய வறட்சின்னு சொல்லி வருகிற பலர் உண்மையில் களைத்துப்போனவர்கள். தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால் யாராக இருந்தாலும் கத்துவாங்க. கத்தினா தொண்டை இறுகும். தொண்டை இறுகினா மனம் முழுக்க அடுத்த உச்ச சுரம் வருமா வராதா என்பதிலேயே நிற்கும். அந்த நிலையில் யாரால் ஆராதிக்க முடியும்? மேடையில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதும் வழி இல்லை. 85 டெசிபெல் என்றால் எட்டு மணி நேரம் வரை காது தாங்கும் என்பது தொழிலிட அளவுகோல். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100க்கு வந்தால் கால் மணி நேரம்தான். டிரம்ஸ் பக்கத்தில் நின்று பாடுகிறவர்கள் இதை எளிதாகத் தாண்டிவிடுவார்கள். முதலில் மற்ற வாத்தியங்களை மானிட்டரில் குறைக்கச் சொல்லுங்க, அப்புறம் உங்க குரலை ஏற்றச் சொல்லுங்க.

தொண்டைக் கரகரப்பு மூணு வாரத்துக்கு மேல் நின்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பார்த்தே ஆகணும். குசுகுசுன்னு பேசுவதைக் குரலுக்கு ஓய்வுன்னு நினைக்கிறாங்க, அது ஓய்வு இல்லை. பேசாமல் இருக்கிறதுதான் ஓய்வு.

மாலைத் துதி எழுதியது:

மிக்சர் மேசை பிரதர், பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே முழுதாகத் தெரிந்தது. ஞாயிறு காலை, மாலை இரண்டு ஆராதனையும் நான்தான். வெள்ளி உபவாச ஜெபம், சனி வாலிபர் கூட்டம், நடுவில் வீட்டுக் கூட்டங்கள். பகலில் வேலை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டது எப்போது என்று நினைவில்லை. வேறு ஆள் இல்லையே பிரதர். நான் வராவிட்டால் யார் பாடுவார்கள்?

கடைசி வரிசை அக்கா, உங்கள் பதிவை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். வேறு ஒன்றும் எழுத வரவில்லை. நன்றி அக்கா.

பழைய மேய்ப்பன் எழுதியது:

மகளே, "நான் வராவிட்டால் யார் பாடுவார்கள்" என்ற கேள்வியை உன்னிடம் விட்டுவைத்திருக்கக் கூடாது. அதைச் சுமக்கவேண்டியது மேய்ப்பனும் மூப்பர்களும்.

1 நாளாகமம் 25ஐ வாசி. ஆசாபுக்கு நாலு குமாரர், எதுத்தூனுக்கு ஆறு, ஏமானுக்குப் பதினாலு. ஆக 24 வகுப்புகள், வகுப்புக்கு 12 பேர், மொத்தம் 288 பாடகர். ஏமானுக்கு மூன்று குமாரத்திகளும் இருந்ததை அங்கே எழுதி வைத்திருக்கிறது. 8ஆம் வசனத்தில் பெரியவனும் சிறியவனும், ஆசானும் மாணாக்கனும் சமமாகச் சீட்டுப் போட்டார்கள். கற்றுக்கொண்டிருக்கிறவனுக்கும் முறை வரும், அனுபவசாலிக்கும் ஓய்வு வரும். அதே புத்தகம் 9:33இல், பாடகர்கள் இரவும் பகலும் தங்கள் வேலையில் இருந்ததால் மற்ற வேலைகளிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தார்கள் என்று இருக்கிறது. நாமோ பாடுகிற பிள்ளையிடமே ஸ்லைடு, நாற்காலி, சிறுவர் ஊழியம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, பிறகு "ஏன் முகம் வாடியிருக்கிறது" என்று கேட்கிறோம்.

ஆலய ஊழியம் செய்த கோத்திரமாகிய லேவியருக்கு வயது எல்லையும் உண்டு. எண்ணாகமம் 8இன் கடைசியில் பார்க்கலாம். 50 வயதானால் வேலையை விட்டுவிட வேண்டும். ஆனால் வீட்டுக்குப் போய்விடுவதில்லை, சகோதரரோடே இருந்து காவல் காப்பதில் உதவவேண்டும். எப்போது இறங்குவது, இறங்கின பிறகு எங்கே நிற்பது என்று இரண்டையும் கர்த்தரே சொல்லிவைத்திருக்கிறார்.

சபைத் தலைவர்கள் யாராவது இதை வாசித்தால் நெகேமியா 13:10, 11ஐ முழங்காலில் நின்று வாசியுங்கள். நெகேமியா திரும்பி வந்து பார்க்கும்போது பாடகர்கள் ஆலயத்தில் இல்லை. அவர்களுக்குரிய பங்கைக் கொடுக்காததினால் அவரவர் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போயிருந்தார்கள். பாடகர்களுக்கு அபிஷேகம் குறைந்துவிட்டது என்று நெகேமியா பேசவில்லை. அவன் வழக்காடினது தலைவர்களோடு. பிறகு பாடகர்களைச் சேர்த்து அவரவர் நிலையில் நிறுத்தினான். பங்கு என்றால் பணம் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஓய்வு, போதனை, அவர்களுக்காக ஒருவர் ஜெபிப்பது, அவர்கள் குடும்பத்தை விசாரிப்பது எல்லாம் அதில் அடங்கும்.

ரெவிதீமில் யுத்தம் நடக்கையில், உயர்த்திப் பிடித்திருந்த மோசேயின் கைகள் அசந்துபோனபோது ஆரோனும் ஊர் என்பவனும் கையைத் தாங்கினதைத்தான் எல்லாரும் பிரசங்கிக்கிறோம். அதற்கு முன்னால் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவனை உட்கார வைத்தார்கள். மகளே, உன் பாஸ்டரிடம் போய் அந்தக் கல்லைக் கேள். கேட்பதில் வெட்கமில்லை.

சின்னக்குரல் எழுதியது:

ஐயா, அக்கா, நானும் கேட்கலாமா? எங்கள் சபையில் இப்போதுதான் பாட ஆரம்பித்திருக்கிறேன். ஆராதனையை லைவ்வில் போடுகிறார்கள். போன வாரம் ஒரு இடத்தில் சுதி இறங்கிவிட்டது. கீழே கமெண்டில் ஒருவர், "பாடத் தெரியாதவங்களை ஏன் நிறுத்துறீங்க" என்று போட்டிருந்தார். அதைவிட இன்னொன்று. எங்கள் அப்பா சபையோடு சண்டை போட்டுப் பிரிந்து போனவர். பெரியவர்கள் சிலர் "அந்தக் குடும்பத்துப் பொண்ணா?" என்று பேசினது என் காதில் விழுந்தது. இனி பாடவேண்டாம் என்று நினைக்கிறேன்.

வேதப்பிரியன் எழுதியது:

தங்கச்சி, கோராகு யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். மோசேக்கு விரோதமாக எழும்பினவன், பூமி வாய் திறந்து விழுங்கின கூட்டத்தின் தலைவன் (எண்ணாகமம் 16). "அந்தக் குடும்பமா?" என்று இஸ்ரவேல் முழுவதும் பேசத்தக்க பெயர். பத்து அதிகாரம் தள்ளி, 26:11இல், கோராகின் குமாரர் சாகவில்லை என்று ஒரு சின்ன வசனம். தலைமுறைகள் கழித்து அந்த வம்சம் எங்கே நிற்கிறது? ஆலயத்தில் பாடிக்கொண்டு. 42, 44 முதல் 49 வரை, 84, 85, 87, 88 என்று 11 சங்கீதங்களின் தலைப்பில் கோராகின் புத்திரர் இருக்கிறார்கள். மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதைப் பாடினவர்களும் அவர்களே. ஆலயத்தின் வாசற்படியில் காத்திருப்பதையே தெரிந்துகொள்வேன் என்று 84இல் பாடினவர்களும் அவர்களே. அந்தப் பெயரை மறைக்காமலேயே தலைப்பில் போட்டு வைத்தார் கர்த்தர். உன் அப்பாவுக்காக ஜெபி, அவர் பெயருக்காக ஒதுங்காதே.

மிக்சர் மேசை எழுதியது:

தங்கச்சி, லைவ் கமெண்டை நீ திறந்தே பார்க்காதே. உங்க டீமில் பெரியவங்க யாராவது பார்க்கட்டும். சுதி இறங்கினதுக்குக் காரணம் பெரும்பாலும் ஸ்கேலாக, அதாவது பாட்டுக்கு எடுத்த சுருதியாக, இருக்கும். வேறொருவர் குரலுக்குப் போட்ட ஸ்கேலில் நீ பாடியிருப்பே.

சின்னக்குரல் எழுதியது:

ஆமா அண்ணா. வழக்கமாகப் பாடுகிற அண்ணன் ஸ்கேலில்தான் பாடினேன். மாற்றச் சொல்லிக் கேட்கத் தைரியம் இல்லை.

வாசற்காவலன் எழுதியது:

எல்லாவற்றையும் வாசித்தேன். ஆமோஸைப் பற்றி வேதப்பிரியன் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், அந்த வசனத்தின் சூழ்நிலை வேறுதான். ஆனாலும் ஒன்றை விட்டுவிட மனமில்லை. வறட்சி எல்லாமே களைப்பினால் வருவதல்ல. மனதில் ஒருவர்மேல் கசப்பை வைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் கை உயர்த்துகிறவர்களும் உண்டு. டீமுக்குள்ளேயே கீபோர்டு வாசிக்கிறவரும் பாடுகிறவரும் பேசிக்கொள்ளாமல் ஒரே மேடையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஓய்வு மருந்தாகாது. காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொன்னார் ஆண்டவர் (மத்தேயு 5:23, 24). அங்கே அவர் அந்த மனுஷனுக்கு ஊழியம் போயிற்று என்று சொல்லவில்லை, பின்பு வந்து காணிக்கையைச் செலுத்து என்கிறார். சகோதரி தன்னையே சோதித்துப் பார்க்கட்டும். அப்படி ஒன்றும் இல்லையென்றால், நான் முதலில் எழுதின "நிறுத்துங்கள்" என்பதற்குப் பதில் "இளைப்பாறுங்கள்" என்று சொல்கிறேன்.

பழைய மேய்ப்பன் எழுதியது:

நல்லது தம்பி. அந்த எச்சரிப்பும் இந்த இழைக்குத் தேவைதான்.

மாலைத் துதி எழுதியது:

வாசற்காவலன் பிரதர் சொன்னதை வைத்து என்னை நிதானித்துப் பார்த்தேன். ஒருவர்மேல் சின்ன வருத்தம் இருந்தது உண்மை. போன் பண்ணிப் பேசினோம், அவர் அதை மறந்தே போயிருந்தார். ஆனால் என் வறட்சிக்கு அது காரணம் இல்லை என்பதும் அப்போதே தெளிவானது.

நேற்று பாஸ்டரிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஊழியத்தை விடப்போகிறேன் என்று பயந்துவிட்டார். விடவில்லை, ஒரு கல் வேண்டும் என்றேன். சிரித்தார், பிறகு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவரும் ஓய்வெடுத்து நாளாகிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இந்த மாதம் இரண்டு ஞாயிறு நான் பாடவில்லை, குடும்பத்தோடு நடு வரிசையில் உட்காரப்போகிறேன். மாலை ஆராதனை இனி வாலிபர்களுக்கு. வெள்ளிக்கிழமையும் வேறொருவர். சனிக்கிழமைகளில் அந்தப் பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுப்பேன். தாவீதின் நாளில் கெனானியா செய்ததும் அதுதானே, கீதவித்தையில் நிபுணனாயிருந்து மற்றவர்களுக்குப் படிப்பித்தான் (1 நாளாகமம் 15:22).

உள்ளே இன்னும் மாற்றம் ஒன்றும் இல்லை. அதை மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் 88ஆம் சங்கீதத்தை ஒரு நாள் சத்தமாக வாசித்து முடித்துவிட்டு, துதி எதையும் சேர்க்காமல் அப்படியே ஆமென் சொன்னேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நான் சொன்ன வார்த்தையும் என் மனதும் ஒன்றாக இருந்தது.

சின்னக்குரல் தங்கச்சி, இந்த ஞாயிறு நீ பாடுகிறாயா?

சின்னக்குரல் எழுதியது:

பாஸ்டர் இரண்டு பாட்டு கொடுத்திருக்கிறார் அக்கா. பாடுகிறேன். ஸ்கேல் மட்டும் எப்படிக் கேட்பது, எதை வைத்து முடிவு பண்ணுவது?

மாலைத் துதி எழுதியது:

அந்தப் பாட்டில் மிக உயர்ந்த சுரம் எந்த வார்த்தையில் வருகிறது என்று முதலில் கண்டுபிடி. அந்த வார்த்தையைக் காலையில் எழுந்து, தொண்டை திறக்காத நேரத்தில், கத்தாமல் பாட முடிகிற ஸ்கேல்தான் உனக்கு. பிறகு சபையையும் பார்க்கவேண்டும். கூடிப் பாடுகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கீழே ஏ என்கிற சுரத்திலிருந்து மேலே டி சுரம் வரைக்கும் வசதி, ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடுவார்கள். மேலே எஃபுக்குப் போனால் அவர்கள் நிறுத்திவிட்டு உன்னைக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கீபோர்டு அண்ணனிடம் புதன்கிழமைக்குள் சொல்லிவிடு, ஞாயிறு காலையில் சொன்னால் அவருக்குக் கஷ்டம். "அண்ணா, எனக்கு இரண்டு ஸ்கேல் இறக்கிக் கொடுங்க" என்றால் போதும், விளக்கம் சொல்லவேண்டாம். எந்தப் பாட்டுகள் என்று தனிச்செய்தியில் அனுப்பு, இன்று இரவு பாடிப் பார்த்துச் சொல்கிறேன்.

கடைசி வரிசை எழுதியது:

ஞாயிறு காலை ஆறு மணிக்கு உனக்காக முழங்காலில் இருப்பேன் மகளே. ஆராதனை முடிந்ததும் இங்கே வந்து எழுது.